ஐந்து மில்லி

சைக்கிள் கடை பூன் கெங்
பில் தாளின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
ஊசிக்குழல், குழாய், எண்ணெய்,
பெட்டியோடு இருநூற்றுப் பத்து ரிங்கிட்.
வந்து சேர மூன்று வாரம்.
எண்ணெய் மட்டும் கொடுங்கள் என்றேன்.
மற்றதற்கு?
வீடு இருக்கிறது என்றேன்.

ஜெலுத்தோங், ஒன்பதாம் மாடி.
துணி காயப்போடும் மூங்கில் கழியை
இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே வைத்து
சீட்டை அதில் மாட்டினேன்.
பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது.
அதன் நடுவில் ஒரு குண்டு உருளை.
பதினொரு கியரும் அதற்குள்தான்,
எண்ணெயில் ஊறிக்கொண்டு.
வெளியே தெரிவது ஒரு திருகாணி,
மிளகளவு.

ஊசிக்குழலுக்கு அலையவில்லை.
தாடை உடைந்து படியில் கிடந்த பூனைக்கு
ஆறு வாரம் கஞ்சித் தண்ணீர் கொடுத்தது இதில்தான்.
பூனை பிழைத்தது.
டத்தோ என்று பெயர் வைத்தோம்,
கூப்பிட்டால் வராததால்.

குழாய் மீன்தொட்டியினுடையது.
மீன்கள் மார்ச் மாதமே போய்விட்டன;
தொட்டியில் இப்போது வெங்காயம்.

குழாய்க்கும் துளைக்கும் பொருந்தவில்லை.
தீர்ந்த பேனா ஒன்றின் மூக்கை அறுத்து
குழாய்க்காரர் விட்டுப்போன வெள்ளை நாடாவை
ஏழு சுற்று சுற்றித் திருகினேன்.
ஏறியது.
எனக்காகவே செய்துவைத்ததுபோல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் கோணல்தான்.

பகலில் நான் பாயான் லெப்பாஸில்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடைக்குள் நின்று
மயிரிழையில் நூறில் ஒரு பங்கை அளக்கிறேன்.
ஒரு தும்மலுக்கு மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.
இரவில் இங்கே
இருமல் மருந்து மூடி.

"டார்ச் பிடிங்க" என்றேன்.
மோகனதாஸ் கைப்பேசியில் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.
பத்தொன்பதுக்குப் பதினெட்டு.
விளக்கைப் போட்டார், கண்ணை எடுக்கவில்லை.
வெளிச்சம் உருளையின் மேல் விழாமல்
என் காதின் மேல் விழுந்தது.

துளையைக் கீழே திருப்பிக் காத்திருந்து இழுத்தேன்.
முதலில் காற்று.
பிறகும் காற்று.
பிறகு ஒரு குமிழி, அதன் பின்னால்
கறுப்பாய், சோம்பலாய்,
நடுவில் இரும்புப் பொடி மினுங்க
ஏறி வந்தது மூன்று வருடம்.

பழையதைப் பிடிக்கப் பாத்திரம் தர மனமில்லை.
காலையில் கோப்பி வாங்கி வந்த பிளாஸ்டிக் பையில் விட்டு
சிவப்புக் கயிற்றைச் சுருக்கி
கதவுக் கைப்பிடியில் மாட்டினேன்.
ஆட்டம் முடிந்து எழுந்தவர்
பையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்:
"ஆறிப்போச்சே, சீனி போட்டதா?"

மூடியால் அளந்தேன். இருபது.
போன முறை உள்ளே போனது இருபத்தைந்து,
என் கையெழுத்தில் நாட்காட்டியில் இருக்கிறது.
ஐந்து மில்லி எங்கே?
தொழிற்சாலையில் இப்படிக் கணக்கு உதைத்தால்
விளக்கெல்லாம் சிவப்பாகும்.
இங்கே டத்தோ மட்டும் வந்து
ஆரக்கம்பியை முகர்ந்துவிட்டுப் போனது.

திருகாணியின் கழுத்தில் பார்த்தேன்.
ரப்பர் வளையம், மீன்செதில் போல் மெலிந்து,
ஓரிடத்தில் வெடிப்பு.
ஆக, சொட்டுச் சொட்டாக,
ஜெலுத்தோங்குக்கும் பாயான் லெப்பாஸுக்கும் நடுவே,
பாலத்துக்கு முன்னால் அந்த நீண்ட சிவப்பு விளக்கில்
நான் ஒற்றைக் கால் ஊன்றி நின்ற நேரங்களில்.

மணி பதினொன்றரை. எந்தக் கடை திறந்திருக்கும்?
சோயாக் கிச்சாப் புட்டியைத் திறந்து
மூடிக்குள் இருந்த மெத்தென்ற வட்டத்தை
நகவெட்டிக் கத்தரியால் கத்தரித்தேன்.
முதலாவது பெரிது.
இரண்டாவது கிழிந்தது.
மூன்றாவது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற அளவுக்கு.

புது எண்ணெயைத் தள்ளினேன்,
பொறுமையாக, பூனைக்குக் கஞ்சி கொடுத்த வேகத்தில்.
இருபத்தைந்து. நாட்காட்டியில் எழுதினேன்.
சக்கரத்தை ஒரு விரலால் சுண்டினேன்.
சத்தமே இல்லை.
"ஓடுதா?" என்றார் உள்ளேயிருந்து.
ஓடிக்கொண்டே இருந்தது,
நான் கை கழுவி வந்த பிறகும்.

காலை ஆறு மணி. தூறல்.
பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு.
குனிந்து உருளையை விரலால் தொட்டேன்.
ஈரம்.
மூக்கருகே கொண்டுபோனேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

மழைதான்.
மழையும்,
கொஞ்சம் கிச்சாப்பும்.